நீரில் உழைக்கும் இயந்திரத்தின் அச்சையும் பெயரிங்கையும் காத்தல்

தீவகத்திலே நெற்செய்கை வானத்தை நம்பியது. புரட்டாசியிற் புழுதி விதைப்பு. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழை. தையில் அரிவி வெட்டு. பாய்ச்சுவதற்கு ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. ஆதலின், காலம் தந்த நாளிற் செய்யாத வேலையை மறுவாரம் செய்துகொள்ளலாம் என்னும் வசதி எமது கமக்காரருக்குக் கிடையாது. உழவு இயந்திரம் ஒன்று ஐப்பசியில் நான்கு நாள் நின்றுவிட்டால், அதன் சொந்தக்காரருக்கு மட்டுமன்றி, அதனை வாடகைக்கு எதிர்பார்த்திருக்கும் பத்துக் குடும்பங்களுக்கும் அந்த நான்கு நாளும் போய்விடும்.

இயந்திரம் நிற்பதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முன்னரே தடுக்கக்கூடியதும், பெரும்பாலானோர் எண்ணிப் பாராததுமான ஒன்றைப் பற்றியே இப்பிரசுரம் கூறுகின்றது. அது சில்லின் நடுவே உள்ள அச்சிலும், அச்சைத் தாங்கும் பெயரிங்கிலும் நீர் புகுந்து செய்யும் கேடாகும்.

ஒரு பெட்டியின் கதை

ஊர்காவற்றுறையை அடுத்த புளியங்கூடலிலே முதியவரான கமக்காரர் ஒருவர் இருசில்லு உழவு இயந்திரமும் அதற்குரிய இழுவைப் பெட்டியும் வைத்திருக்கின்றார். இயந்திரத்தைத் தம் பிள்ளையைப் போலப் பேணுபவர். ஒரு சித்திரை மாதத்தில் அவர் தோட்டத்துக்குப் பசளையாகச் சாதாழை ஏற்றுவதற்குப் பெட்டியைக் கரையோரக் கடலில் இறக்கினார். சில்லின் நடு மூழ்கும் அளவுக்கு நீர். இரண்டு நாளில் வேலை முடிந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வேப்பமரத்தின் கீழ் நிறுத்தினார். அது ஐந்து மாதம் அசையாது நின்றது.

புரட்டாசியிற் பெட்டி மீண்டும் வேலைக்குப் புறப்பட்டது. சிறிது முனகியது, எவரும் பொருட்படுத்தவில்லை. தைமாதம் அரிவி வெட்டு வந்தது. வயலில் ஈரம் இருந்தமையால் அறுவடை இயந்திரம் இறங்கவில்லை. பத்துப் பரப்பையும் கையாலே வெட்டினர். முதற் பாரம் ஏற்றி வரும் வழியிலே பெட்டியின் இடது சில்லு இறுகிப் புகைந்து, ஒருபுறம் சாய்ந்தது. உள்ளே பெயரிங் நொறுங்கி, அச்சின் முனையையும் அராவிவிட்டது. உதிரிப்பாகம் பண்ணை வீதியால் யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டும். அராவப்பட்ட அச்சு கடைசற் பட்டறைக்குப் போகவேண்டும். மூன்று நாளாயிற்று. இரண்டாம் நாள் இரவு மழை பெய்தது. வயலிலே கிடந்த கதிர் முளைகொண்டது.

நான் சென்று பார்த்தபோது அவர் கூறினார்: “தம்பி, இயந்திரத்துக்கு எல்லாம் பார்த்தனான். பெட்டிக்கு என்ன பார்க்கக் கிடக்கு?”

கழற்றிய பெயரிங்கின் முறியாத துண்டுகளை மண்ணெண்ணெயிற் கழுவிப் பார்த்தோம். அதன் ஓடுபாதையிலே துருவேறிய கரிய கோடுகள், அளந்து கீறியன போல ஒரே இடைவெளியில் இருந்தன. அவ்விடைவெளி உருளைகளுக்கு இடையேயுள்ள தூரமே. ஓடிக்கொண்டிருந்த பெயரிங்கில் அவ்விதம் கோடு விழமாட்டாது. நின்ற பெயரிங்கிலே, ஒவ்வோர் உருளையின் அடியிலும் உப்புநீர் தங்கி, ஐந்து மாதமாக அரித்த அடையாளம் அது. தையிலே முறிந்த பெயரிங் உண்மையிற் சித்திரையிலேயே சாகத் தொடங்கிவிட்டது.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாதெனில், நீரில் இறங்குவதினும் நீரோடு நிறுத்திவைப்பதே பெரிய கேடு என்பதாம். வயலில் நீர் இருக்கும், சேறு இருக்கும். இயந்திரம் அதில் இறங்கத்தான் வேண்டும். இறங்கியபின் நாம் செய்யாது விடுவதே அச்சை அழிக்கின்றது.

குடத்தின் உள்ளே இருப்பவை

மாட்டு வண்டிச் சில்லின் நடுப்பகுதியைக் குடம் என்பர். உழவு இயந்திரத்தின் சில்லுக்கும் அப்பெயரே பொருந்தும். வண்டியிலே குடம் அச்சின்மேல் நேரே உராய்ந்து சுழலும்; கடையாணி அதனைக் கழன்றுவிடாது காக்கும். உராய்வு மிகுதியாதலின் அடிக்கடி மசகு இடவேண்டும். மறந்தால் வண்டியே கத்தி நினைவூட்டும்.

நூல்களிற் போதிகை என்றும், பட்டறைகளிற் பெயரிங் என்றும் வழங்குவது இவ்வுராய்வைக் குறைப்பதற்காக அமைந்தது. உட்கிண்ணம் ஒன்று, வெளிக்கிண்ணம் ஒன்று, இரண்டுக்குமிடையே உருண்டோடும் குண்டுகள் அல்லது உருளைகள் ஆகிய இவையே அதன் உறுப்புகள். உழவு இயந்திரத்தின் முன்சில்லிலும் இழுவைப் பெட்டியின் சில்லிலும் பெரும்பாலும் இருப்பது கூம்புருளைப் பெயரிங். அமெரிக்காவிலே குதிரை வண்டி செய்யும் தொழிலாளராயிருந்த ஹென்றி திம்கென் என்பவர் 1898 ஆம் ஆண்டில் இதற்கு ஆக்கவுரிமை பெற்றார். வளைவிலே திரும்பும்போது வண்டியின் பாரம் பக்கவாட்டாகவும் தள்ளும். அப்பாரத்தையும் கீழ்நோக்கிய பாரத்தையும் ஒருங்கே தாங்குவதற்காக உருளைகள் கூம்பு வடிவிற் சாய்த்து வைக்கப்பட்டன. ஒவ்வொரு குடத்திலும் உட்புறம் பெரியது ஒன்றும் வெளிப்புறம் சிறியது ஒன்றுமாக இரண்டு பெயரிங்குகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும்.

குடத்தின் உட்புற வாயிலை அடைத்திருக்கும் இறப்பர் வளையமே ஒயில் சீல். இறப்பரின் மெல்லிய உதடு, சிறு கம்பிச் சுருளொன்றால் இறுக்கப்பட்டு, அச்சைத் தழுவி நிற்கும். கிறீஸை உள்ளே மறித்து, நீரையும் மணலையும் வெளியே நிறுத்துவது இவ்வுதடே. உறுப்புகளுள் விலை மிகக் குறைந்தது சீல். அதிலும் விலை கூடியது பெயரிங். எல்லாவற்றிலும் கூடியது அச்சு. சீலைக் கவனியாதவர் பெயரிங்குக்குப் பணம் கொடுக்கின்றார். பெயரிங்கைக் கவனியாதவர் அச்சுக்குக் கொடுக்கின்றார்.

நீர் நுழையும் வழிகள்

சீல் நன்றாக இருந்தாலும் நீர் நுழைவதுண்டு. பாரத்தோடு வீதியில் ஓடிவந்த குடம் சூடேறியிருக்கும். அதனுள் உள்ள காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்நிலையில் உடனே நீரில் இறக்கினால் உட்காற்று குளிர்ந்து சுருங்கும். 60 பாகை சதமவெப்பத்தில் இருந்த காற்று 30 பாகைக்குக் குளிரும்போது, அதன் கனவளவு ஏறக்குறையப் பத்திலொரு பங்கு குறைகின்றது. குறைந்த இடத்தை நிரப்புவதற்குக் குடம் வெளியிலிருந்து எதையேனும் உறிஞ்சும். வெளியே நிற்பது நீராயின் நீரையே உறிஞ்சும்.

இரண்டாவது வழி, சீலின் உதடு அறுபடுதல். வைக்கோலும் புல்லும் அச்சைச் சுற்றி இறுகி உதட்டைத் தேய்க்கும். எமது தீவுகளிலே இவற்றினும் கொடியது வலைத்துண்டும் தங்கூசி நூலும். கரையோர வீதியிலும் வயலிலும் கிடக்கும் தங்கூசி அச்சிற் சுற்றிக்கொண்டால், கத்தி போல உதட்டை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

மூன்றாவது, அளவுக்கு மிஞ்சிய கழுவுதல். அமுக்கக் குழாயால் சீலை நேரே நோக்கி நீரைப் பாய்ச்சுவோர் அழுக்கை அகற்றுவதாக எண்ணி அதனை உள்ளே செலுத்துகின்றனர். பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில் நானும் இப்பிழையைச் செய்தவன். பளபளவென்று கழுவி நிறுத்திய இயந்திரத்தின் குடத்தை மறுவாரம் திறந்தபோது, உள்ளே கிறீஸ் மோரைப் போல வெளுத்திருந்தது.

நீர் செய்யும் தீங்கு

உருளைக்கும் கிண்ணத்துக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் மிக மெல்லியது. மயிரிழையின் தடிப்பில் நூறிலொரு பங்களவே இருக்கும். அப்படலம் உள்ளவரை இரும்பு இரும்பைத் தொடாது. நீர் கலந்தால் படலம் அறுபட்டு, இரும்பின்மேல் இரும்பு அமர்ந்து, மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்கின்றது.

இதற்குச் சிறிதளவு நீரே போதும். கூம்புருளைப் பெயரிங்குகளை வைத்துச் செய்யப்பட்டு 1977 இல் வெளிவந்த ஆய்வொன்று, எண்ணெயிற் கலந்துள்ள நீர் பத்தாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து நான்கு பங்காகக் கூடும்போது பெயரிங்கின் ஆயுள் பாதிக்கும் குறைந்துவிடும் எனக் காட்டிற்று. ஒரு லீற்றர் எண்ணெய்க்கு இது சுமார் எட்டுத் துளி நீர். கண்ணுக்குத் தெரியுமளவுக்கு நீர் கலந்துவிட்ட எண்ணெயின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

கடல்நீரின் தீங்கு இதனினும் பெரிது. ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பத்து லீற்றர் கொள்ளும் வாளியொன்றில் 350 கிராம். நன்னீர் உலர்ந்தால் போய்விடும். உப்புநீர் உலர்ந்தாலோ உப்பு எஞ்சிநிற்கும். எஞ்சிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னைத் தானே மீண்டும் நனைத்துக்கொள்ளும். ஆகையால், கடலில் இறங்கிய அச்சு கொட்டிலில் நிற்கும்போதும் நனைந்தபடியே நிற்கின்றது. உவர்த்தரை வயலிலும் கரையோர வெள்ளத்திலும் உழைத்த இயந்திரத்துக்கும் இது ஓரளவு பொருந்தும். 2008 நவம்பரில் ‘நிஷா’ புயலின்போதும், 2024 நவம்பரிற் பெய்த பெருமழையின்போதும் குடாநாட்டின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் நின்ற எந்த இயந்திரத்தையும் கடலில் இறங்கியதாகவே கருதிக் கவனித்தல் நன்று.

மூத்தோர் இதனை அனுபவத்தால் அறிவர். 1990 ஆம் ஆண்டுக்குப் பின் ஆனையிறவு வழி மூடப்பட்டிருந்த நாட்களிலே, கொம்படி – ஊரியான் வழியாக உழவு இயந்திரங்கள் சனங்களையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு உப்புநீரையும் சேற்றையும் கடந்தன. உதிரிப்பாகம் அரிதாயிருந்த அக்காலத்தில், அன்றாடம் குடத்தைக் கவனிப்பது பழக்கமன்று, பிழைப்பாயிருந்தது.

கேட்டை முன்னரே அறிதல்

பெயரிங் சொல்லாமல் முறிவதில்லை. அதன் குறிகளைக் கமக்காரர் தாமே அறிந்துகொள்ளலாம்.

முதலாவது, கண்ணாற் காண்பது. சீலின் ஓரத்தில் செந்நிறத் துருச்சாறு வடிந்திருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது. மூடியைக் கழற்றிப் பார்க்கையிற் கிறீஸ் வெளுத்திருந்தாலும் அவ்வாறே. பின்அச்சின் எண்ணெய் பால்விட்ட தேநீரின் நிறம் கொண்டிருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது.

இரண்டாவது, கையால் அறிவது. சில தூரம் ஓடியபின் இருபுறத்துக் குடங்களையும் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்கவும். ஒன்று மற்றையதிலும் மிகச் சுடுமாயின் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். சில்லை ஜக்கால் உயர்த்தி, மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டவும். தளர்ச்சி தெரிந்தாற் பெயரிங் தேய்ந்துள்ளது, அல்லது நட்டு இளகியுள்ளது.

மூன்றாவது, காதாற் கேட்பது. உயர்த்திய சில்லைக் கையாற் சுழற்றும்போது மெல்லிய ஓசையொன்றே கேட்கவேண்டும். மணல் அரைப்பது போன்ற கரகரப்பு, பழுதின் குறி.

எண்ணெயிலே ஐயமிருப்பின் இரண்டு பரீட்சைகள் உண்டு. எண்ணெயிலும் நீர் பாரமானது. ஆதலின், இரவு முழுவதும் அசையாது நின்ற இயந்திரத்தின் அடியடைப்பைக் காலையில் மெதுவாக இளக்கினால், படிந்த நீர் இருப்பின் எண்ணெய்க்கு முன் அதுவே வடியும். நீர் எண்ணெயோடு கரைந்து கலங்கியிருந்தால் இவ்விதம் பிரியாது. அப்போது நன்கு சூடேற்றிய இரும்புத் தகட்டில் ஒரு துளி எண்ணெயை விடவும். சடசடவென்று வெடித்தால் நீர் உண்டு. ஓசையின்றிப் பரவினால் இல்லை. ஒரு துளிக்கு மேல் விடலாகாது, முகத்தை விலக்கிக்கொள்க, எரிபொருளுக்கு அருகே இதனைச் செய்யற்க.

இறங்குமுன்னும் ஏறியபின்னும்

நீரில் இறங்குமுன் சூடேறிய சில்லுகளைத் தேநீர் ஒன்று அருந்தும் நேரமாவது ஆறவிடுக. நீரின் ஆழத்தைத் தடியொன்றால் அளந்து பார்க்கவும். குடத்தின் நடுவுக்குமேல் நீர் நிற்குமாயின், வேறு வழியிருக்க அவ்வழி இறங்கற்க.

வேலை முடிந்த அன்றே, பொழுதுபடுமுன், அரைமணி நேரம் செலவிடுக. முதலில் அச்சிற் சுற்றிய வைக்கோல், புல், தங்கூசி யாவற்றையும் கையால் எடுத்துவிடவும். கத்தியால் வெட்டும்போது சீலின் உதட்டிற் படாது பார்த்துக்கொள்க. குடம் ஆறியபின் வாளிநீரும் தும்பும் கொண்டு சேற்றைக் கழுவவும். எமது தீவுகளில் நன்னீர் அரிது என்பதை நான் அறிவேன். அதற்காக உவர்க்கிணற்று நீரால் கழுவுதல் தகாது. பெட்டியையும் இயந்திரத்தையும் முழுவதும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. குடங்கள், அச்சு முனைகள், சீலின் ஓரங்கள் ஆகிய இவற்றுக்கு மட்டும் நன்னீரைப் பயன்படுத்தினால் மூன்று நான்கு வாளி போதும். மாரியிற் கூரைநீரைப் பிடித்து வைத்திருப்போருக்கு அதுவும் செலவன்று.

பின்னர், கிறீஸ் கண்கள் உள்ள இடங்களிலெல்லாம் புதுக் கிறீஸை ஏற்றவும். பழைய கிறீஸ் நீரோடும் அழுக்கோடும் வெளியே பிதுங்கி, சுத்தமான கிறீஸ் தலைகாட்டும்வரை ஏற்றுதல் வேண்டும். வெளியே வந்ததைப் பழந்துணியால் துடைத்துவிடுக. இறுதியில் இயந்திரத்தைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்துக. ஓடும்போது உண்டாகும் வெப்பத்தால் எஞ்சிய ஈரம் சிறிது நீங்கும். கிறீஸும் எங்கும் பரவும்.

குடத்தைக் கழற்றிக் கிறீஸ் இடும் முறை

முன்சில்லின் குடத்துக்கும் பெட்டியின் குடத்துக்கும் பெரும்பாலும் கிறீஸ் கண் இல்லை, கழற்றியே இடவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, அரிவி வெட்டு முடிந்த மாசி மாதத்தில் இதனைச் செய்வது நன்று. கடல்நீரில் மூழ்கிய குடத்தை மாசி வரை வைத்திருத்தலாகாது. அவ்வாரத்திலேயே கழற்றுதல் வேண்டும்.

சமதரையில் நிறுத்தி, மற்றைச் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜக்கால் உயர்த்துக. உயர்த்தியபின் அச்சின்கீழ்ப் பனங்குற்றி போன்ற உறுதியான முண்டு ஒன்றை வைக்காமல் வேலை தொடங்கற்க. ஜக்கை மட்டும் நம்பியிருத்தல் உயிராபத்து.

மூடி, கொட்டர் பின், நட்டு, வெளிப்பெயரிங் என்னும் முறையிற் கழற்றிக் குடத்தை இழுத்தெடுக்கவும். எடுத்தவற்றை எடுத்த வரிசையிலே சுத்தமான துணியின்மேல் வைக்கவும். பழைய கிறீஸ் முழுவதையும் துடைத்து, மண்ணெண்ணெயிற் கழுவி, நிழலிற் காயவிடுக. காற்றுக் குழாயால் ஊதிப் பெயரிங்கைச் சுழலவிடலாகாது. கிறீஸின்றி வேகமாகச் சுழன்றால் அது பழுதாகும். சிதறிக் காயப்படுத்தவும் கூடும்.

உலர்ந்த பெயரிங்கை வெயிலிற் பிடித்து ஒவ்வோர் உருளையையும் பார்க்கவும். கறுத்த கோடு, குழிப்புள்ளி, செதில், சூட்டால் நீலம் படர்ந்த நிறம் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இருப்பின் அது மீண்டும் பூட்டத் தகாது. உருளைகளை மாற்றும்போது வெளிக்கிண்ணத்தையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். பழைய கிண்ணத்திற் புதிய உருளையை ஓடவிடுவது, பழுதைப் பணம் கொடுத்து வாங்குவதாகும்.

கிறீஸ் இடுவதற்குக் கையே சிறந்த கருவி. உள்ளங்கையில் கிறீஸை எடுத்து, பெயரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுக்கவும். மறுபக்கத்தில் உருளைகளுக்கிடையே கிறீஸ் வெளிவரும்வரை இவ்வாறு சுற்றிவரச் செய்க. குடத்தின் உள்வெளியில் மூன்றிலொரு பங்கு தொடக்கம் பாதிவரை நிரப்பினாற் போதும். முழுவதும் அடைத்தால் கிறீஸ் கடையப்பட்டுச் சூடேறிச் சீலைத் தள்ளும்.

கழற்றிய சீலை மீண்டும் பூட்டற்க, புதியதையே இடுக. கம்பிச் சுருள் உள்ள உதடு கிறீஸ் உள்ள உட்பக்கத்தைப் பார்த்திருக்கவேண்டும். சேற்று வேலைக்கு வெளிப்புறமும் ஓர் உதடு உள்ள இரட்டை உதட்டுச் சீல் கிடைக்குமாயின் அதுவே சிறந்தது. பூட்டுமுன் உதட்டிற் சிறிது கிறீஸ் தடவுக. உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகும். அச்சில் சீல் அமரும் இடத்திலே பள்ளம் விழுந்திருந்தால் எந்தச் சீலும் நீரை மறிக்காது. அதனைப் பட்டறையிற் காட்டுக.

நட்டை இறுக்கும்போது சில்லைச் சுழற்றிக்கொண்டே இறுக்கவும். சுழற்சி தடைப்படும் நிலை வந்ததும், கொட்டர் பின்னின் துளைக்கு நேரான அடுத்த வெட்டுவரை நட்டைப் பின்னோக்கி இளக்குக. சில்லு தடையின்றிச் சுழலவேண்டும். ஆட்டினால் தளர்ச்சி தெரியலாகாது. புதிய கொட்டர் பின் இட்டு, முனைகளை மடித்து, மூடியைப் பூட்டுக. உங்கள் இயந்திரத்தின் கைந்நூலில் வேறு அளவு கூறப்பட்டிருப்பின் அதனையே பின்பற்றுக.

இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபாடு

இருசில்லு இயந்திரத்தை இன்றும் எம்மவர் ‘லான்ட்மாஸ்ரர்’ என்றே அழைப்பர். அப்பெயர் கொண்ட இயந்திரத்தை 1950களில் வடிவமைத்தவர் எம் நாட்டுப் பொறியியலாளரான றே விஜேவர்தன (1924–2010). இங்கிலாந்திலே செய்யப்பட்டுப் பல நாடுகளுக்குச் சென்ற அவ்வியந்திரத்தின் பெயரே, பிற கம்பனிகளின் இருசில்லு இயந்திரங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. இவற்றின் அச்சு கியர்ப்பெட்டி எண்ணெயிலே சுழல்வது. இரும்புக் கூண்டுச் சில்லோடு சேற்றில் உழும்போது அச்சின் இருபக்கச் சீல்களும் சேற்றுக்குள்ளேயே இருக்கும். ஆகையால், சேற்றுவேலை நடைபெறும் நாட்களில் வாரம் ஒருமுறை எண்ணெயின் நிறத்தைப் பார்த்தல் வேண்டும்.

நான்கு சில்லுகளும் இயங்கும் உழவு இயந்திரங்களில் முன்அச்சினுள்ளும் பற்சில்லுகளும் எண்ணெயும் உண்டு. பலர் பின்அச்சின் எண்ணெயைப் பார்த்து முன்அச்சை மறந்துவிடுகின்றனர். அச்சின் மேற்புறத்திலே சிறு மூடி போன்ற மூச்சுக்குழல் ஒன்று இருக்கும். அச்சு சூடேறும்போது காற்றை வெளிவிடுவதும், குளிரும்போது உள்வாங்குவதும் அதன் தொழில். அது சேற்றால் அடைபட்டால், சூட்டில் உள்ளமுக்கம் சீலைத் தள்ளும். குளிர்ச்சியில் அச்சு சீல் வழியே நீரை உறிஞ்சும். ஆற்றைக் கடக்கும் ஜீப் வண்டிகளில் இம்மூச்சுக்குழலுக்கு இறப்பர்க் குழாய் பொருத்தி உயரத்திற் கட்டுவது இக்காரணம் பற்றியே. உழவு இயந்திரத்தில் அதனைச் சேறின்றி வைத்திருந்தாலே பெரும்பயன் உண்டு.

எண்ணெய் வெளுத்திருப்பின், இயந்திரம் சற்றுச் சூடாயிருக்கையில் முழுவதையும் வடித்துப் புதியதை இடுக. சில மணி நேரம் ஓடியபின் மீண்டும் பார்க்கவும். இன்னும் வெளுப்பு இருந்தால் மறுபடியும் மாற்றுக. எண்ணெயை மட்டும் மாற்றிச் சீலை மாற்றாது விடுவது ஓட்டைத் தோணியில் நீர் இறைப்பதை ஒக்கும்.

கிறீஸின் வகை

கிறீஸ் என்பது எண்ணெயைச் சவர்க்காரத்திற் பிடித்துவைத்த பொருள். சோடியச் சவர்க்காரத்தாற் செய்தது, உடைக்குப் போடும் சவர்க்காரம் போல நீரிற் கரைந்துபோகும். நீர் வேலைக்கு அது உதவாது. கல்சியத்தாற் செய்தது நீரைத் தாங்கும். ஆயின் மிகுந்த சூட்டைத் தாங்காது. இலிதியத்தாற் செய்தது சூட்டையும் ஓரளவு நீரையும் தாங்குவதால் இன்று சில்லுகளுக்குப் பெரிதும் பயன்படுகின்றது. கடல்நீரில் இறங்கும் பெட்டிக்கு, படகு இழுவைகளுக்கென விற்கப்படும் நீர்தாங்கும் கிறீஸ் சிறந்தது. வகை எதுவாயினும், ஒன்றன்மேல் வேறொன்றைக் கலக்கற்க. இரண்டும் சேர்ந்து இளகி வடிந்துவிடக்கூடும். வகையை மாற்ற விரும்பினால் பழையதை முற்றாகக் கழுவிவிட்டு மாற்றுக.

கழிவெண்ணெயும் கிணறும்

வடித்த எண்ணெயையும் கழுவிய மண்ணெண்ணெயையும் நிலத்தில் ஊற்றலாகாது. எமது தரை சுண்ணக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளினூடே கீழிறங்கிக் கிணற்றைச் சேரும். தீவுகளிலே நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கின்றது. அதனைக் கெடுத்தால் மாற்று இல்லை. சுன்னாகத்துக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்து, மக்கள் தம் கிணற்று நீரைக் குடிக்க அஞ்சிய 2014 ஆம் ஆண்டளவு நிகழ்ச்சிகள் எம் எல்லோருக்கும் பாடமாகும். கழிவை மூடியுள்ள கலனிற் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்கும் பட்டறையிற் கொடுத்துவிடுக.

ஆண்டு ஒழுங்கு

மாசி: குடங்களைக் கழற்றிக் கழுவிக் கிறீஸ் இட்டுச் சீலை மாற்றுக. எண்ணெய்களைப் பரீட்சிக்க.

பங்குனி தொடக்கம் ஆடி வரை: நிழலில், கூரையின் கீழ் நிறுத்துக. நெடுநாள் நிற்கும் பெட்டியின் அச்சைக் குற்றியில் ஏற்றிச் சில்லை நிலத்திலிருந்து உயர்த்திவிடுக. இரு வாரத்துக்கு ஒருமுறை சில்லைக் கையாற் பல சுற்றுச் சுற்றுக. ஒரே இடத்தில் ஈரம் தங்காதிருக்க இதுவே எளிய வழி. இடையிற் கடலுக்குப் போனால் அவ்வாரமே குடத்தைத் திறக்க.

ஆவணி: ஜக்கால் உயர்த்தி ஆட்டிப் பார்க்கவும், சுழற்றிக் கேட்கவும். பழுது கண்டால் உதிரிப்பாகத்தை இப்போதே எடுத்துவைக்கவும். குறிகட்டுவானிலிருந்து படகேறிப் பொருள் வரவேண்டிய நெடுந்தீவு, நயினாதீவு வாசிகள் வெளிப்பெயரிங் ஒன்று, உட்பெயரிங் ஒன்று, சீல் இரண்டு ஆகியவற்றை எப்போதும் வீட்டில் வைத்திருத்தல் நன்று.

ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை: நாள்தோறும் மாலை அரைமணி நேரக் கவனிப்பு. வாரந்தோறும் எண்ணெயின் நிறம் பார்த்தல். மூச்சுக்குழலைச் சுத்தமாக வைத்தல்.

தை: அரிவி வெட்டுக்கு முன் பெட்டியின் குடங்களைத் தவறாது சோதிக்க. ஆண்டில் மிகக் கூடிய பாரம் ஏறும் மாதம் இதுவே.

கமக்காரரே, புளியங்கூடல் முதியவர் இப்போது தம் பெட்டியை மாசியிலே கழற்றுகின்றார். அயலவர் சிலரும் தம் பெட்டிகளை அவரிடம் கொண்டுசென்று அவர் முற்றத்திலேயே சேர்ந்து செய்கின்றனர். ஒரு ஜக், ஒரு தட்டு மண்ணெண்ணெய், ஒரு பேணி கிறீஸ் ஆகியவற்றோடு ஒரு காலைப்பொழுதும் இருந்தால் இரண்டு சில்லும் முடியும். உங்கள் கிராமத்திலும் பத்துப்பேர் சேர்ந்து இதனைப் பழக விரும்பினால், உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் தெரிவிக்கவும். உங்கள் பெட்டி ஒன்றையே கழற்றிக் காட்டித் தருவோம்.